கோழிக்கூட்டில் விட்ட இடம்

"அம்மா, கோழியள் நடுவில ஆருக்கு இடம் விட்டிருக்குதுகள்?"

கூடு கட்டி முடித்த கிழமையில், வெளிச்சம் மங்கும் ஒரு மம்மல் பொழுதில், றஞ்சிதம் அப்படிக் கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளை. கம்பி வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். அன்ரோனெற் தவிட்டுச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஆறு பேடுகளும் சேவலும் பலகையின் இரண்டு கரைகளிலும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, ஒன்றின் இறகு மற்றதின் கண்ணை மூடும்படி ஒடுங்கியிருந்தன. நடுவில் பலகை வெறுமையாகக் கிடந்தது. ஓர் ஆள் இருக்கக்கூடிய அகலம்.

"குளிருக்கு ஒட்டியிருக்குதுகள், பிள்ளை."

குளிருக்கு ஒட்டுகிறவை ஏன் இரண்டாகப் பிரிந்து ஒட்டவேண்டும் என்று பிள்ளை கேட்கவில்லை. அன்ரோனெற்றும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அரிசிக்கும் பாணுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம் அது. வாடைக்காற்றின் தொடக்கத்தில் யாகப்பரின் வள்ளம் பேசாலைக் கடலில் கவிழ்ந்து, கூடப் போன அன்ரோனெற்றின் புருசன் கிறகரி மட்டும் ஒரு வெறும் மண்ணெண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி கரைசேர்ந்திருந்தான். யாகப்பரின் உடல் கிடைக்கவில்லை. பெண்சாதி பிள்ளைகள் இல்லாத மனுசர் அவர். மீன் மிஞ்சிய நாட்களில் யாருக்கும் சொல்லாமல் இல்லாதவர்களின் வேலிப் படலையில் ஒரு கோர்வை மீனைக் கொழுவிவிட்டுப் போவார். கிறகரி காய்ச்சலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கடலைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பிள்ளைக்கு முட்டையாவது கிடைக்கட்டும் என்றுதான் அன்ரோனெற் கோழி வளர்க்கத் துணிந்தாள்.

வீட்டின் பின்னால், கோடிப்புறத்தில், கிணற்றுக்கும் குசினிச் சுவருக்கும் நடுவே ஒரு கட்டில் போடுமளவு இடமே இருந்தது. அவள் முருங்கனில் வயற்காரர் வீட்டில் பிறந்தவள். கூடு கட்டும் வேலை தெரியும். நான்கு பனங்கால்களில் கூட்டை இடுப்பளவு உயர்த்தினாள். எறும்பு ஏறாதிருக்கக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய தகரப் பேணிகளுக்குள் நிறுத்தினாள். எச்சம் கீழே விழும்படி பனஞ்சிலாகைகளை இடுக்கு விட்டு அடித்துத் தளம் போட்டாள். கீரி கை நுழைக்காத கம்பி வலை, மேலே தகரம், தகரம் சுடாமலிருக்க அதன்மேல் கிடுகு. காலையில் எச்சத்தைச் சுரண்டி முருங்கைக்குப் போட்டுவிட்டு, கீழே புதுச் சாம்பல் தூவுவாள்.

வேலிக்கு அப்பால் நின்று பார்த்த ஹவ்வா உம்மா, தன் வீட்டுக் கூரை ஒழுகும்போது இந்தக் கோழிகளுக்கு மச்சு வீடா என்று சிரித்தாள். "ஒரு மூலை தாங்க புள்ள, நானும் உள்ளுக்கு வந்து முட்டை போடுறேன்."

கோழி இரவில் காலை மடித்து இருக்க அகலமான, சிராய் இல்லாத பலகை வேண்டும். உடைந்த வள்ளத்தின் மரங்கள் கரையில் குவிந்து கிடந்தன. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, மணலில் தனியாக ஒரு குறுக்குப் பலகை வைத்திருந்தார்கள். ஒருவர் ஆண்டாண்டாக இருந்து வலை இழுத்து வழவழவென்று தேய்ந்த பலகை. யாருக்கும் வேண்டாததென்று எண்ணி அன்ரோனெற் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். எதிர்ப்பட்ட பெண்கள் தலைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு வழிவிட்டு நின்றார்கள். வயற்காரி மரம் சுமக்கிறாள் என்று நகைக்கிறார்களாக்கும் என்று நினைத்தாள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இருக்கவில்லை.

பிள்ளை கேட்ட மறுநாள் கோழிகள் தண்ணீர் குடிக்கவில்லை. அன்ரோனெற் சட்டியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. கிணற்றுத் தண்ணீரோ எப்போதும்போல நல்ல தண்ணீராகவே இருந்தது. சட்டியைக் கழுவி மீண்டும் நிரப்பினாள். விடிந்தபோது மீண்டும் உப்பு. கால்கள் நின்ற பேணிகளிலும் உப்பு.

பிறகு ஒரு பேடு செத்துக் கிடந்தது. காலைப் பிடித்துத் தூக்கியபோது அதன் அலகிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஒரு சிறு கோழிக்குள் அவ்வளவு தண்ணீர் எப்படிக் கொள்ளும் என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கூட்டைச் சுரண்டினாள், சுண்ணாம்பு அடித்தாள், வேப்பிலை கட்டினாள், அர்ச்சிக்கப்பட்ட குருத்தோலையைக் கதவில் செருகினாள். அடுத்த பேடும் அப்படியே செத்தது. மிஞ்சியவை ஓரங்களில் இன்னும் ஒடுங்கிக்கொண்டன. நடு இடத்தை ஒன்றும் மிதிக்கவில்லை. பாசியும் நனைந்த கயிறும் நாறும் ஒரு வாடை, மம்மலில் கோயிலில் திரிகால மணி அடித்ததும் கூட்டிலிருந்து எழுந்து குசினிக்குள் வரும். அந்த வேளையில் கூட்டுக்குக் கீழே சாம்பலில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழும் சத்தம் கேட்கும். மழை இல்லை. அவள் போய்ப் பார்க்கமாட்டாள்.

பிள்ளை மட்டும் போய்ப் பார்த்தாள். கூப்பிட்டாலும் வராமல் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சில நாட்களில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் புரளும் சத்தம். மன்னார் ஆசுப்பத்திரிக்கு பஸ்ஸில் கொண்டுபோனார்கள். குழாய் வைத்துப் பார்த்த டாக்குத்தர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தம்மால் ஆன மருந்தெல்லாம் தந்தார். திரும்பி வரும்போது பிள்ளை தாயின் மடியில் கிடந்து சொன்னாள்.

"யாகப்பர் மாமாவுக்குக் குளிருதாம், அம்மா. தனிய இருக்கிறாராம். என்னை வந்து பக்கத்தில இருக்கட்டாம்."

அன்றுதான் கிறகரி, காய்ச்சலில் விழுந்தபின் முதல்முறையாக, கோடிப்புறத்துக்கு வந்தான். கூட்டுக்குள் கையை விட்டுப் பலகையின் தேய்ந்த இடத்தைத் தடவினான்.

"இதை ஆர் எடுத்துவந்தது?"

"நான்தான். என்ன பலகை இது?"

அவன் சொன்னான். கடல் ஆளை எடுத்தால் அவர் இருந்த பலகையை வேறாக்கி வைப்பார்கள். கூடப் போய்த் தப்பியவன் வீட்டார், ஒரு மாதத்தில் வைக்கும் மாதப்பூசை முடிந்ததும், அதை எரித்துச் சாம்பலை அலையில் விடவேண்டும். தன் இருக்கையைத் தேடி ஆள் கரைக்கு வராமலிருக்கவே அந்த வழக்கம். அன்ரோனெற் அதை எரிக்கத்தான் கொண்டுபோகிறாள் என்று ஊர் மரியாதையாக வழிவிட்டிருந்தது. காய்ச்சலிலிருந்த கிறகரியோ, ஊர் எரித்திருக்கும் என்று எண்ணியிருந்தான்.

"கான் ஓராளைத்தான் தாங்கினது," என்றான் பிறகு. "நான் பிடிச்சிருக்கேல்ல, யாகப்பண்ணைதான் பிடிச்சிருந்தவர். 'உனக்குப் பிள்ளை இருக்கு, நீ பிடி' எண்டு தந்திட்டு விட்டிட்டார்."

அன்ரோனெற் கூட்டின் கதவைத் திறந்தாள். அந்த மனுசர் உயிரைத் தந்தார். இவள் அவர் இருந்த பலகையில் கோழியை ஏற்றினாள்.

அன்றே பலகையைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். முழந்தாளில் நின்று செபம் சொல்லிச் சாம்பலை அலையில் விட்டார்கள். கூட்டில் புதுப் பனம்பலகை போட்டார்கள். மம்மலில் மிஞ்சிய கோழிகள் ஏறின. இரண்டு கரையிலும் ஒடுங்கின. நடுவில் அதே இடம். காலம் பிந்திவிட்டது. வந்தவர் வந்துவிட்டார்.

அடுத்த மம்மலில் கிறகரி கூட்டுக்குள் நுழைந்து, முதுகை வளைத்து அந்த இடத்தில் இருந்தான். இருட்டியபின் இறங்கி வந்தான். சாறத்தில் ஒரு துளி ஈரம் இல்லை.

"எனக்குக் கிட்ட வரேல்ல. தந்ததைத் திருப்பி எடுக்கிற மனுசனில்லை அவர்."

உள்ளே பிள்ளையின் நெஞ்சு அலைபோல இரைந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. யாகப்பர் கெட்டவரல்ல என்று அன்ரோனெற்றுக்குத் தெரியும். ஆனால் நல்லவருடைய குளிரும் குளிர்தான். பக்கத்தில் ஒரு சூடு வேண்டும் அதற்கு. இந்த இரவு போனால், பிள்ளை இன்னொரு இரவைத் தாங்கமாட்டாள்.

மறுநாள் பின்னேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகும்படி புருசனிடம் சொன்னாள். யாகப்பருக்காக ஒரு செபமாலை சொல்லச் சொன்னாள். தான் கோழிகளை அடைத்துவிட்டு வருவதாகச் சொன்னாள். பிள்ளையின் தலையை வாரி, நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டாள். கிறகரி அவளை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். "வேளைக்கு வா" என்று மட்டும் சொன்னான்.

படலை மூடிக்கொண்டது.

அவள் எச்சத்தைச் சுரண்டினாள். சாம்பல் தூவினாள். சட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி வைத்தாள். கோழிகள் ஏறி ஒடுங்கும்வரை காத்திருந்தாள். திரிகால மணி அடித்தது. குருத்தோலையைக் கதவிலிருந்து எடுத்துக் குசினி யன்னலில் வைத்தாள்.

குனிந்து உள்ளே ஏறினாள். கதவை இழுத்துச் சாத்தினாள்.

பலகையில் இருந்தாள். முழங்கால் மார்பில் முட்டியது. தகரம் தலையில் இடித்தது. கோழிகளின் சூடு இரண்டு பக்கமும்.

பிறகு ஒரு பக்கம் சூடு இல்லை.

பாசி வாடை. நனைந்த கயிறு. தோளோடு ஒரு தோள். ஈரம், எலும்புவரை இறங்கும் ஈரம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள். பலகை மெல்ல முனகியது. பக்கத்திலிருந்தவர், விருந்தாளிக்குச் செய்வதுபோல, சற்றுத் தள்ளி இடம் விட்டார்.

சிலாகை இடுக்குகளால் தண்ணீர் ஏறியது. பாதம். கணுக்கால். கடல்நீர். மடி. கோழிகள் அசையவில்லை. தூங்கின.

"இது என்னோட நிக்கட்டும்," என்றாள். "பிள்ளையை விடுங்கோ."

மார்பு. கழுத்து.

படலை திறந்தது. மணலில் சிறு கால்கள் ஓடி வந்தன. "அம்மா, எனக்கு இப்ப இழுக்கேல்ல. எங்க நிக்கிறீங்கள்?" கீறல் இல்லாத, முழு மூச்சுக் குரல். குசினிப் பக்கம் தேடிப் போனது. மறுபடி கூப்பிட்டது.

அன்ரோனெற் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

பக்கத்திலிருந்து ஒரு குளிர்ந்த கை வந்து, உறங்கும் பிள்ளையை எழுப்பிவிடாதே என்பதுபோல, மெதுவாக அவள் வாயைப் பொத்தியது.