துணி சுற்றிய கரண்டி

குளியலறைத் துண்டு மூன்றாக மடிந்திருந்தது. ஓரங்கள் உள்ளே போய், மடிப்பு வாசலைப் பார்த்தபடி, அதன்மேல் சின்னத் துண்டு ஒன்று குறுக்காக. வந்து தங்குகிறவர்களுக்கு அவள் மடித்து வைக்கிற அதே மடிப்பு. ஆனால் இது அவளுடைய சொந்தக் குளியலறை. காலையில் முகத்தைத் துடைத்துக் கதவின்மேல் வீசிவிட்டுப் போன பழைய துண்டுதான் அது, இப்போது கிழிசல் வெளியே தெரியாமல் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தது.

"யாருங்க வந்தது?"

கட்டிலில் கிடந்த கணவர் தலையை மட்டும் திருப்பினார். "யாரு வருவா? நீதான் மத்தியானம் வந்த. துடைச்ச, மடிச்ச, போன. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. மகாராணிக்கு என்ன கோவமோன்னு விட்டுட்டேன்."

மத்தியானம் முழுக்க அவள் கீழ்வீட்டில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். மாத்திரை மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். துண்டை உதறிப் பழையபடி கதவில் போட்டாள்.

அவர் கொத்தனார். இந்தக் கட்டடத்தின் சுவர்களைப் பூசியவரே அவர்தான். கூலி பாக்கிக்குப் பதிலாகக் கிடைத்த வீடுதான் மூன்றாவது மாடியில் இவர்கள் இருப்பது. சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே செத்துப்போயிற்று. நெஞ்சிலும் அடி என்பதால் குரல் அறையைத் தாண்டாது. அதனால் பழைய பூச்சுக் கரண்டியைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். செங்கல்லைத் தட்டி உட்கார வைப்பது போல அதன் மரப்பிடியால் சுவரைத் தட்டுவார். அவள் எந்த மாடியில் துடைத்துக்கொண்டிருந்தாலும் கேட்கும். ஒரு தட்டு என்றால் தண்ணீர். விடாமல் தட்டினால் ஓடி வா என்று அர்த்தம்.

முன்பெல்லாம் அவளே ஓடிவர வேண்டியதில்லை. ஒருமுறை அவர் கட்டிலிலிருந்து சரிந்தபோது கீழ்வீட்டுத் தையல்கார அக்கா ஊசியை வாயில் கவ்வியபடியே ஓடிவந்தாள். எதிர்வீட்டுக் கண்டக்டர் எப்போதும் போல இருமிக்கொண்டே அவரைத் தூக்கிக் கிடத்திவிட்டு, "கொத்தனாரே, டிக்கெட் எடுக்காம எங்க இறங்குறீங்க?" என்றார். கடலைப் பார்க்க வரும் கூட்டம் பெருகப் பெருக, ஒவ்வொரு வீடாக நாள் வாடகைக்குப் போனது. சாவிப் பூட்டுகள் போய்க் கதவில் எண்ணை அழுத்தித் திறக்கும் எண்பூட்டுகள் வந்தன. இப்போது படிகளில் உருட்டுப்பெட்டிகள் தடதடவென்று ஏறும், இறங்கும். மனிதர்கள் புன்னகைப்பார்கள். அடுத்த நாள் அதே கதவில் வேறு புன்னகை.

அந்த வீடுகளைச் சுத்தம் செய்வது அவள் வேலை. சுத்தம் என்றால் அழுக்கு எடுப்பதல்ல. ஆள் இருந்த அடையாளத்தை எடுப்பது. தலையணையில் ஒரு முடி கிடந்தால் போதும், தங்கியவர்கள் மதிப்புரையில் நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவார்கள். மெத்தையில் விழுந்த பள்ளத்தை நீவி நீவி மட்டமாக்க வேண்டும். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

எல்லா வீட்டையும் பார்த்துக்கொள்பவனைச் சாவிக்காரன் என்றுதான் அழைப்பாள். சாவியே இல்லாத கட்டடத்துக்குச் சாவிக்காரன். போன மாதம் படியில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அக்கா, தங்குறவங்க சுவத்துல யாரோ தட்டுறாங்கன்னு புகார் போடுறாங்க."

"எங்க வீட்டுக்காரரு பொழுது போகாமயா தட்டுறாரு தம்பி? மூத்திரம் முட்டினா கூப்பிட வேணாமா?"

"கோவிச்சுக்காதீங்க. அந்த வீட்டையும் எங்ககிட்ட விட்டுடுங்களேன். ஊருக்கு வெளிய கீழ்த்தளமாவே பாத்துத் தரேன். அண்ணனுக்கும் வசதி."

"அவரு பூசின சுவரு தம்பி. அவரு இருக்கற வரைக்கும் நாங்க நகர மாட்டோம்."

சொல்லிவிட்டாள். ஆனாலும் வேலை அவன் கையில் இருந்தது. அன்று சாயங்காலமே பழைய உள்பாவாடைத் துணியைக் கிழித்துக் கரண்டிப் பிடியில் இறுக்கிச் சுற்றினாள். "கரண்டிக்குக் குளிருதா?" என்று கொத்தனார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் தட்டிப் பார்த்தார். தொப். பக்கத்தில் நின்ற அவளுக்கே பாதிதான் கேட்டது.

துண்டு மடிந்த மறுநாள், தையல்கார அக்காவின் பழைய வீட்டில் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சை வாசத் திரவத்தின் நெடி மூக்கில் ஏற, ஜன்னலுக்கு வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வர, சுவருக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. கொஞ்சம் ஓடி, நின்று, நூல் மாற்றுகிற நேரம் ஓய்ந்து, மறுபடி ஓடியது. தையல் மெஷின். அக்கா வீட்டைக் காலி செய்தபோது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. போனும் எடுப்பதில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் என்றால், அப்போது மிச்சமிருந்தவர்கள். அவர்களும் இப்போது இல்லை.

கணவரிடம் சொன்னாள்.

"நாலரை இஞ்ச் சுவருடி அது. உள்ள எலி புகுந்தா மூச்சு விட எடமில்ல. பைப்புல காத்து ஏறியிருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நெஞ்சு வரைக்கும் போர்வைய ஏன் இப்படி இழுத்துச் செருகுன? மூச்சு முட்டுது. உன் கையும் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

போர்வை முழுவதும் மெத்தைக்கடியில் செருகப்பட்டுத் தோல் மாதிரி இறுகியிருந்தது. அவள் பிடுங்கித் தளர்த்தினாள். நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். சுவரின் நேர் பார்க்க அவர் வைத்திருந்த தூக்குக்குண்டு எப்போதும் தொங்குகிற ஆணியில் ஒரு படம் தொங்கியது. கடல், ஒற்றைப் படகு. கட்டடத்தில் எல்லா வீட்டிலும் தொங்குகிற படம்.

அது நான் இல்லைங்க என்று வாய் வரை வந்தது. அசைய முடியாத மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? படத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். மறுநாள் கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்கிப் போட்டுவிட்டு, அவர் நெற்றியைத் தொட்டுவிட்டு, வேலைக்கு இறங்கினாள்.

அன்று மழை கொட்டியது. கீழ்வீட்டில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தபோது எங்கோ தொப் என்றது. நின்றாள். மழை. ஜன்னல் கதவு அடிக்கிறதோ? தொப். தொப். வெறும் காற்று. உறையின் மூலையை இழுத்துவிட்டாள். சத்தம் நின்றுபோயிற்று.

சாவிக்காரன் ஈரக் குடையோடு மாடியிலிருந்து இறங்கி வாசலில் வந்து நின்றான். அவளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நீங்க எப்படிக்கா இங்க?"

"ஏன்?"

"இப்பதான மேல பாத்தேன். அழுக்குத் துணிய மூட்டையா கட்டித் தூக்கிட்டு உங்க வீட்டுக்குள்ள போனீங்க. பேசினேன், நீங்க திரும்பல."

ஓடினாள்.

படி. படி. திருப்பம். மூச்சு. மூன்றாவது மாடி.

கதவில் அவள் போட்ட பூட்டுகள் இல்லை. எண்பூட்டு. எண் அவளுக்குத் தெரியாது. விரல்கள் தாமாகவே அழுத்தின. திறந்தது.

எலுமிச்சை நெடி. வெள்ளைத் திரை. கடல், ஒற்றைப் படகு. கட்டில்மேல் வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல், மத்தளத் தோல் போல இறுக்கமாக. மேலே இரண்டு துண்டுகள், மூன்றாக மடித்து.

"என்னங்க?"

குளியலறை. காலி. அலமாரி. வெறும் மாட்டிகள். கட்டிலுக்கடியில் பளபளவென்று தரை. தலைமாட்டில் கரண்டி இல்லை.

சுவரில் காதை வைத்தாள். சுண்ணாம்பு குளிர்ந்திருந்தது. ஆழத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள், கண்டக்டரின் இருமல். அப்புறம், காதுக்கு நேராக, மிக அருகில்,

தொப். தொப். தொப். தொப்.

விடாமல்.

அவள் நகத்தால் சுவரைப் பிராண்டினாள். பூச்சில் கீறல்கூட விழவில்லை. நல்ல பூச்சு. அவர் கை.

கீழே உருட்டுப்பெட்டி படியேறத் தொடங்கியது. சிரிப்புச் சத்தம். "அப்பா, எவ்ளோ அமைதியா இருக்கு!" என்றது ஒரு பெண் குரல்.

தொப். தொப்.

தலையணையில் ஒரு முடி கிடந்தது. வெளுத்த, குட்டையான முடி. அதன் கீழே, இறுகிய விரிப்புக்கு அடியில், மெத்தையில் தோளும் முதுகும் அழுந்திய பள்ளம் இன்னும் மேடேறாமல் இருந்தது. தொட்டாள். சூடு இருந்தது. அதன்மேல் விழுந்து, யாரும் அதை அழிக்காதபடி கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் குனிந்தாள்.

அவள் விரல்கள் அந்த முடியைப் பொறுக்கி எடுத்து இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் பையில் போட்டன. பிறகு, படிச்சத்தம் நெருங்க நெருங்க, ஐஸ் போலக் குளிர்ந்திருந்த இரண்டு உள்ளங்கைகளும் அந்தப் பள்ளத்தை நீவ ஆரம்பித்தன. ஓரத்திலிருந்து நடுவுக்கு. நடுவிலிருந்து ஓரத்துக்கு. மட்டமாகும் வரை.