எம்மெட் கோத்த துப்பாக்கி

எல்க் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய நாள், காலை எட்டரை மணி. எம்மெட் ட்ரூடெல் தன் பட்டறையில் செத்துக் கிடந்தார். நெஞ்சில் ஒரே குண்டு. பக்கத்தில், போன குளிர்காலத்திலிருந்து ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி, அவரே கோத்த துப்பாக்கி.

ஷெரீப் அலுவலகத்துப் போலீஸ் அதிகாரி லோர்னா ஹாஸ்கெட் வாசலிலேயே நின்றுவிட்டாள். போன சீசனில் மான்கறி கொடுத்தனுப்பிய மனுஷன்.

எம்மெட்டின் தம்பி ஆர்லோ, வேட்டைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி, வெளியே நின்றிருந்தான்.

“சொல்லு ஆர்லோ.”

“டிரக்கை விட்டு இறங்கறேன், வேட்டுச் சத்தம். ஓடிப்போய்க் கதவைத் திறந்தா அண்ணன் கீழ கிடக்கறான். துடைக்கும்போது தவறி வெடிச்சிருக்கும்.”

“யாராவது வெளிய ஓடினாங்களா?”

“இருக்கறதே ஒரு கதவு. அதுல நான் நிக்கறேன். ஒருத்தரும் வரலை.”

“எதையாவது தொட்டியா?”

“உள்ளயே போகலை. கால் மரத்துப்போச்சு லோர்னா.”

சமையலறையில் எம்மெட்டின் மனைவி டெலியா கண்ணீர்கூட வராமல் உட்கார்ந்திருந்தாள்.

“அந்த எழவெடுத்த துப்பாக்கி! குழலுக்கு ஒரு மாசம் அலைச்சல், தோள்ல வைக்கற கட்டைக்கு ஒரு மாசம். கடைக்காரனே சிரிச்சானாம், ‘உங்களுக்கு வலது கைப் பழக்கம், தோட்டா ஏத்தற கைப்பிடி, அதான் போல்ட், இடது பக்கம் இருக்கறதைப் போய் வாங்கறீங்களே’ன்னு. ‘இது போய்ச் சேர வேண்டிய தோள் வேற’ன்னாராம். யாருன்னு என்கிட்டகூடச் சொல்லலை.”

“அண்ணன் தம்பிக்குள்ள ஏதாவது தகராறா?”

“சீசனுக்கு முன்னாலயே ஆர்லோவோட ஆளுங்க மானைச் சுட்டுட்டாங்க. இவர் அதை வன அதிகாரிகிட்ட சொல்லப்போறேன்னார். ஆர்லோ லைசென்ஸ் போயிடுமே!”

லோர்னா பட்டறைக்குத் திரும்பி, மண்டியிட்டுத் தேடினாள். இரும்பு அடுப்புக்கு அடியில் பித்தளை மின்னியது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு. வெடிமருந்து வாசனை இன்னும் போகவில்லை.

 பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்த ஆர்லோவா?

அவனை அழைத்தாள்.

“இது தானா கூட்டை வெளிய தள்ளற துப்பாக்கி இல்லை. கையால போல்ட்டை இழுக்கணும். தவறி வெடிச்சிருந்தா கூடு உள்ளயே இருக்கும். நெஞ்சுல குண்டு வாங்கினவரா எழுந்து இழுத்தார்?”

ஆர்லோ ஒரு அடி பின்வாங்கினான்.

“சத்தம் கேட்டப்புறம் யாரும் வெளிய வரலைன்னது நீ. அப்போ உள்ள இருந்தது யாரு? நீதான் ஆர்லோ.”

அவன் தன் இடது கையையே வெறித்துப் பார்த்தான்.

“அண்ணன் சுட்டுப் பார்க்கத் தோட்டா போட்டு வச்சிருந்தான். வாய்ச்சண்டை முத்திப்போச்சு, கோவத்துல எடுத்துட்டேன். சுட்டதும் கை தன்னால போல்ட்டுக்குப் போகும், அத்தனை வருஷப் பழக்கம். இடது கைக்காரன் நான். மத்த துப்பாக்கியில எல்லாம் போல்ட் வலது பக்கம், எப்பவும் மேல கையை வளைச்சு அந்தப் பக்கம் எட்டித்தான் இழுப்பேன். இன்னிக்கும் எட்டினேன். அங்க ஒண்ணும் இல்லை. போல்ட் இடது பக்கம், என் கைக்குக் கீழயே இருந்துச்சு. இழுத்தப்புறம்தான் உறைச்சுது.” கையை மடக்கிக்கொண்டான். “கட்டைகூட என் தோளுக்கு அளவா இருந்துச்சு லோர்னா.”

லோர்னா விலங்கை எடுத்தாள். கதவருகே அரவம் கேட்டுத் திரும்பினாள். டெலியா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“உனக்காகவா கோத்தார்?” என்றாள்.