பதிலிகளின் சம்மதம்

கரூர் மாவட்டத்து ஆசிரியர்கள் இரண்டாயிரத்து முந்நூறு பேரிடமும் ஓய்வூதியத் திட்ட மாற்றம் பற்றிக் கருத்துக் கேட்டு முடிக்க நான்கு நிமிடங்கள் ஆயின. கௌசல்யா அப்போது ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் கட்டியிருந்த திரை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. மணி அடித்து வெளியே வந்த பிறகுதான் பார்த்தாள். 'ஆலோசனை நிறைவு. சம்மதம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.'

மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்த பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கி ஓடினார்கள்.

இதுவரை அறுபது வயதில் ஓய்வு, மறுமாதமே ஓய்வூதியம். புதிய வரைவின்படி ஓய்வூதியம் அறுபத்தாறில்தான் தொடங்கும். அதுவரை வகுப்பெடுக்க வேண்டும். போன வாரம் முழுக்க ஆசிரியர் அறையில் இதைத் திட்டாதவர்கள் கிடையாது. கௌசல்யா மாவட்ட ஆசிரியர் சங்கத்தின் செயலாளர். தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டுப் புலம்பியவர்கள் மட்டும் ஐம்பது பேர் இருப்பார்கள். அவர்களா சம்மதித்தார்கள்?

அவர்களைத்தான் யாரும் கேட்கவில்லையே. கேட்கப்பட்டவை அவர்களுடைய பதிலிகள்.

ஒவ்வொரு வகுப்பறையிலும் கரும்பலகைக்கு மேலே ஒரு வகுப்புச்செவி இருந்தது; விளையாட்டுத் திடலின் கம்பத்திலும் ஒன்று. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். இருபது வருடங்களாகப் பாடங்களைக் கேட்டுப் பதிந்து வந்தது. அந்தப் பல்லாயிரம் மணி நேரப் பேச்சிலிருந்து ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு பதிலியை உருவாக்கியிருந்தார்கள். அவர் எதற்கு எப்படி யோசிப்பார், என்ன சொல்வார் என்பதை அது அவர் குரலிலேயே சொல்லிவிடும். ஆசிரியர்களைக் கலந்துகொள்ளாமல் பணி விதிகளை மாற்றக் கூடாது என்பது சட்டம். பதிலியைக் கேட்டாலே கலந்துகொண்ட மாதிரிதான் என்று மூன்று வருடங்களுக்கு முன்பு சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது.

அந்த வரிக்குச் சங்கத்தின் சார்பில் முதலில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டது கௌசல்யாதான். அதற்கு முன்பு அவள் கருத்துப் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாக, வீடு வீடாக அலைவாள். கூட்டம் போட்டால் பாதி நாற்காலி காலியாக இருக்கும். வந்தவர்களும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார்கள். பதிலிகள் வந்தபின் அந்த அலைச்சல் இல்லை. தேர்வு விடுமுறை, இடமாற்றம், மதிய உணவு மணி என்று எதைக் கேட்டாலும் பதிலிகள் அச்சு அசலாக அவரவர் மனதில் இருந்ததைச் சொல்லின. ஒருவரும் குறை சொல்லவில்லை. மாநில மாநாட்டில் கௌசல்யாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆலோசனை நிலையத்துக்குப் போனாள். அங்கே அலுவலர் ரெக்ஸ்லின், நாற்பது வயதைத் தாண்டியவர், மரியாதையாக எழுந்து நின்றார்.

"இது தப்பா இருக்குங்க சார். எங்க ஆளுங்க இதுக்கு ஒத்துக்கவே மாட்டாங்க."

"நீங்களே கேட்டுப் பாருங்க மேடம். செயலாளருக்கு அந்த உரிமை இருக்கு."

அவள் முருகபூபதியின் பெயரைச் சொன்னாள். குளித்தலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். வயது ஐம்பத்தொன்பது. இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை. மே மாதத்தோடு விசிலைக் கழற்றி வைத்துவிடுவேன் என்று போன வாரம்தான் அவளிடம் சொல்லியிருந்தார்.

சுவரில் இருந்த ஒலிப்பானிலிருந்து அவர் குரல் வந்தது. "வணக்கம் டீச்சர், சொல்லுங்க."

"சார், இன்னும் ஆறு வருஷம் கிரவுண்டுல நிக்க உங்களால முடியுமா?"

"நின்னுட்டாப் போச்சு. பசங்க வந்து காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல."

"முட்டி வலி?"

"அது கிடக்குது. ஓட ஆரம்பிச்சா எல்லாம் சரியாயிடும்."

குரல் அவருடையதுதான். சொற்களும் அவருடையவைதான். வெயிலில் சோர்ந்து உட்காரும் பிள்ளைகளிடம் அவர் முப்பது வருடங்களாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்! வகுப்புச்செவி கேட்டது அந்த முருகபூபதியை. மாலையில் பேருந்துப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகும் முருகபூபதியை அது கேட்டதே இல்லை. மதிய உணவு மணியைப் பற்றி ஆசிரியர்கள் வகுப்பிலேயே சலித்துக்கொண்டிருப்பார்கள், அதனால் அது சரியாக வந்தது. தன் சோர்வைப் பற்றி யார் வகுப்பில் பேசுவார்கள்?

இதை ரெக்ஸ்லினிடம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

"ஆட்சேபத்துக்குப் பத்து நாள் இருக்கு மேடம். பாதிப் பேர் 'என் பதிலி சொன்னது சரியில்லை, என்னால முடியாது'ன்னு சொந்தக் குரல்ல சொல்லிட்டாப் போதும், முடிவு ரத்தாயிடும். ஆனா வகுப்புச்செவிக்கு முன்னாடி, பாட நேரத்துல சொல்லணும். வெளியில பதிஞ்ச குரலை ஏத்துக்கறதில்லை. யார் குரலை வேணும்னாலும் செயற்கையா செஞ்சுடறாங்க இப்போ."

"பிள்ளைங்க எதிர்லயா?"

"அங்கதானே மேடம் செவி இருக்கு."

அன்று மாலையே எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. 'கண்டிப்பாகச் சொல்கிறேன்' என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். முதல் நாள் முடிவில் ஒன்பது ஆட்சேபங்கள் பதிவாகியிருந்தன. மூன்றாம் நாள் முப்பத்தொன்று. நாளைக்கு, நாளைக்கு என்றார்கள்.

நான்காம் நாள் கௌசல்யா ஏழாம் வகுப்பில் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினாள். எழுதி மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியம்தான்.

"பிள்ளைகளே, ஒரு விஷயம் சொல்லணும். என் பதிலி சொன்னது சரியில்லை. எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு மேல என்னால பாடம் நடத்த முடியாது."

சொல்லிவிட்டாள். முப்பத்திரண்டு வருடங்களில் ஒருமுறைகூட இப்படி ஒரு வாக்கியத்தை அவள் வகுப்பில் சொன்னதில்லை. உடம்பு லேசானது போலக்கூட இருந்தது.

இரண்டாவது வரிசையில் அகல்யா எழுந்து நின்றாள். கணக்கில் தட்டுத் தடுமாறி இந்த வருடம்தான் தேறி வந்துகொண்டிருந்த பெண். உதடு துடித்தது.

"டீச்சர், என்னாலயா? ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பக் கேக்கறேன்ல, அதனாலயா?"

கௌசல்யா கரும்பலகைக்கு மேலே பார்த்தாள். செவியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேசாமல் இருந்துவிடலாம். மணி அடித்த பிறகு தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போய் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இன்னும் இருபத்தைந்து நிமிடங்கள்தான். அந்த இருபத்தைந்து நிமிடங்களும் அந்தக் குழந்தை இந்த நினைப்போடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஐயோ, இல்லடா கண்ணு! டீச்சர் சும்மா சொன்னேன். எனக்கு ஒரு களைப்பும் இல்லை. நீ எத்தனை தடவை வேணும்னாலும் கேளு."

அகல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டுத் திரை அதிர்ந்தது. அதில் என்ன இருக்கும் என்று கௌசல்யாவுக்குத் தெரியும். 'ஆட்சேபம் திரும்பப் பெறப்பட்டது.'

பத்து நாள் கழிந்தபோது நாற்பத்து நான்கு ஆட்சேபங்கள் மிஞ்சியிருந்தன. திட்டம் அமலுக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளித்தலைக்குப் போய் முருகபூபதியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தார். காபி கொடுத்தார். கொஞ்ச நேரம் இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"மன்னிச்சிடுங்க சார். நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது."

"விடுங்க டீச்சர். நானும் சொல்லணும்னுதான் தினம் கிரவுண்டுக்குப் போனேன். கோலூன்றி நடக்கிற பையன் ஒருத்தன் குண்டு எறியக் கத்துக்கிறான். அவன் முன்னாடி நின்னு முட்டி வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?" அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "முன்னெல்லாம் நீங்க வீட்டுக்கு வந்து, இதே நாற்காலியில உக்காந்து, என்ன சார் நினைக்கிறீங்கன்னு கேப்பீங்க. அப்போ சொல்லியிருப்பேன்."

முழங்காலைத் தடவிக்கொண்டே அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திங்கட்கிழமை செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சங்கத்துக்கு எழுதினாள். இனி வீடு வீடாகப் போய்க் கேட்கக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். காலை இடைவேளைக்குள் பதில் வந்துவிட்டது.

'தங்கள் விலகல் கடிதம் குறித்து உறுப்பினர்கள் அனைவரிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. தாங்களே தொடர வேண்டும் என்பது ஒருமித்த முடிவு. கடந்த பத்து நாட்களில் வகுப்பறைகளில் பேசப்பட்டதையும் பேசாமல் விடப்பட்டதையும் பதிலிகள் கற்றுக்கொண்டுள்ளன என்பதால், ஆட்சேபக் காலம் இனித் தேவைப்படாது. பொறுப்பில் தொடருமாறு தங்கள் பதிலியிடம் கேட்டோம். மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டது.'