பிளாஸ்திரியின் மேல் ஒரு தேதி

கழுத்தைப் போனில் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் ஷமீமாவுக்கு அது உறைத்தது. நேற்று டயாலிசிஸ் முடிந்ததும் அவள் கழுத்தோர பிளாஸ்திரியின் மேல் நர்ஸ் பிளெஸ்ஸி பேனாவால் தேதி எழுதியிருந்தாள்; பிளெஸ்ஸியின் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். இதுவோ அச்சடித்தாற்போல் நிமிர்ந்து நின்றது. தேதி அதேதான். எழுதிய கைதான் வேறு.

அதற்கு அடியில்தான் நெஞ்சுக்குள் இறங்கும் குழாய் இருந்தது. ரத்தம் உறைந்து அடைக்காமலிருக்க உள்ளே மருந்து நிரப்பி, மூடியைத் திருகும்போதெல்லாம் பிளெஸ்ஸி ஒரே பாட்டைத்தான் பாடுவாள். "எங்களத் தவிர யாரும் தொறக்கக் கூடாதுக்கா. கிருமி நேரா நெஞ்சுக்குப் போயிரும்."

இரண்டு மாதமாக விட்டுவிட்டுக் குளிர்காய்ச்சல். அதனால் திருச்சியில் கிட்னி ஆபரேஷன் இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. "வீட்ல யாராச்சும் தொட்டீங்களா?" என்று பிளெஸ்ஸி கேட்டபோது ஷமீமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டில் இருப்பது உம்மாவும் தங்கை இர்ஃபானாவும். அறந்தாங்கிச் சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருந்த கல்யாண வீட்டில் எழுந்து நின்று, "லாத்தாவுக்கு என் கிட்னியத் தாறேன்" என்றவள் இர்ஃபானா. அவளைப் போய்ச் சந்தேகப்படுவதா?

மத்தியான மழையில் கரண்ட் போனது. ஷமீமா கண்ணை மூடிக் கிடந்தாள், தூங்கவில்லை. தாழ்வார ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டும் இரைச்சல், அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்த மீன்குழம்பின் வாசம், காயாத துணியின் முடை, அதற்கு நடுவே வெறுங்கால் ஒன்று தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்து கட்டிலை நோக்கி வரும் ஓசை. மெத்தை ஓரம் அமுங்கியது.

பாத்திரம் கழுவிய ஈரம் காயாத விரல். பிளாஸ்திரியின் ஓரத்தை நகம் நெருடியது. மெதுவாக. பழகிய கை.

"இர்ஃபானா?"

நகம் நின்றது. அவள் பதறி எழவில்லை.

"தூங்கலையா லாத்தா?"

"என்னடி பண்றே?"

"எல்லாரு முன்னாடியும் தாறேன்னுட்டேன். இனிமே எப்புடி மாட்டேங்கிறது? பயமா இருக்கு லாத்தா."

அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வேண்டாமென்றால் அடித்தா பிடுங்கப் போகிறாள் ஷமீமா? நெஞ்சு எரிந்தது. கத்த வாயெடுத்தாள். குளிர் முந்திக்கொண்டது. பல் கிட்டியது. கை எழவில்லை.

வாசலில் உம்மா.

"உம்மா... இவளப் பாரும்மா..."

உம்மா உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு புள்ளையையும் கத்திக்குக் குடுக்க என்னால முடியாதும்மா."

கழுத்தோரம் மூடி திருகும் சத்தம்.

ஷமீமா உதைத்தாள். உம்மா அவள் பாதங்கள் இரண்டையும் மடியில் எடுத்து வைத்து, சேலைத் தலைப்பால் போர்த்தி, அழுதுகொண்டே இறுக்கிப் பிடித்தாள்.