நுரைக்கும் வாசல்

காலையில் எழுந்ததும் சொர்ணக்கிளி முதல் வேலையாக வீட்டுக்குக் கஞ்சி ஊற்றினாள். வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் அப்புறம்தான். அடுக்களை மூலையில் தரையோடு தரையாக இருக்கும் வீட்டின் வாயைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் அது உதடு பிரிக்கும். அரைக்குடம் பாசிக்கஞ்சி ஊற்ற வேண்டும். மடக்மடக்கென்று குடித்துவிட்டு வீடு ஓர் ஏப்பம் விடும். அலமாரியில் இருக்கும் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். ஏப்பம் வராவிட்டால்தான் கவலை. அன்று வரவில்லை.

கடல் ஏறி வந்து பழைய ஊர்களை விழுங்கிய பிறகு, மன்னார் வளைகுடாவின் ஆழமில்லாத தண்ணீரில் விளைந்த ஊர் கிளிஞ்சல்பட்டி. இங்கே எந்த வீட்டையும் யாரும் கட்டவில்லை. சிப்பிக்குள் அதன் ஓட்டோடு ஒட்டி ஒரு மெல்லிய சதை இருக்குமே, அதையே பெரிதாக்கி, வீட்டுச்சவ்வு என்று பெயரிட்டு, கடலில் விதைத்தார்கள். அந்தச் சவ்வு கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கரிக்காற்றையும் உறிஞ்சி, இரண்டையும் சேர்த்துச் சுவராக்கும். வெற்றிலைக்குத் தடவுகிறோமே சுண்ணாம்பு, அதற்குப் பங்காளி முறை. சவ்வு அவசரப்பட்டால் அந்தச் சரக்கு சொரசொரவென்று சாக்கட்டியாகப் படியும். அதையே நிதானமாக, மெல்லிய தகடு தகடாக, நடுநடுவே பசை தடவி அடுக்கினால், தகடுகளுக்குள் வெளிச்சம் மாட்டிக்கொண்டு வானவில்லாகத் திரும்பி வரும். ஊரில் அதற்கு முத்துமினுக்கு என்று பெயர்.

பக்கத்து வீட்டுப் பூரணத்தின் வீட்டுக்கு அந்த மினுக்கு வந்திருந்தது. சொர்ணக்கிளி வீட்டுக்கு வரவில்லை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அவளைக் கேட்டால், ஏழு கடலுக்கும் அடுக்காத அநியாயம் என்பாள். இரண்டும் ஒரே நாளில் விதைத்த வீடுகள். ஒரே அலை, ஒரே பாசி. இவள் ஒருநாள் தவறாமல் வேளைக்குக் கஞ்சி ஊற்றுகிறாள். பூரணமோ பாதி நாள் மறந்துவிடுவாள். ஆனாலும் அவள் வீட்டு முகப்பு மயில்கழுத்து நிறத்தில் தகதகக்கிறது. இவள் வீட்டுச் சுவரில் சாய்ந்தால் முதுகில் வெள்ளை மாவு ஒட்டுகிறது. வாய்க்காலில் போகிற படகுக்காரர்கள் பூரணம் வீடு வந்ததும் துடுப்பை நிறுத்தி வாய்பிளந்து பார்ப்பார்கள். இவள் வீடு வந்ததும் மறுபடி துடுப்புப் போடுவார்கள். அந்தத் துடுப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சொர்ணக்கிளிக்கு வயிறு பற்றி எரியும்.

போதாக்குறைக்கு வாசற்படி வேறு தேய்ந்துகொண்டே வந்தது. நாலு விரல் கனமாக இருந்த படி இப்போது ஒன்றரை விரல்தான். ஊராட்சி விதி கண்டிப்பானது. படி ஒரு விரலுக்குக் கீழே போனால், வீடு செத்தது என்று முத்திரை குத்திவிடுவார்கள். குடும்பத்தை இரும்புத் தெப்பத்துப் பெட்டி அறையில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள். ஐப்பசி அமாவாசைக்கு அளக்க வருகிறார்கள். இன்னும் மூன்றே வாரம்.

"கண்ணுதான், வேற என்ன?" என்றாள் புருஷன் குமரையாவிடம். "நாம ஒழுங்கா இருக்கோம்லா, அவளுக்குப் பொறுக்கல."

"பூரணத்துக்கா? அவ வீடுதான நம்ம வீட்ட விட..."

"நீங்க சும்மா இருங்க."

குமரையா சும்மா இருந்தார். இருபது வருஷப் பழக்கம்.

கண்ணுக்கு மருந்தும் அவளிடமே இருந்தது. கிளிஞ்சல்பட்டிக்கே ஒரே ஓர் எலுமிச்சை மரம், அவள் கல்யாணத்துக்குச் சீதனமாகத் தொட்டியோடு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி, வாசலில் நின்று மூன்று சுற்றுச் சுற்றி, படியின் இரண்டு ஓரத்திலும் வைத்து அழுத்திப் பிழிவாள். பிழிந்த கணமே படி சுர்ரென்று நுரைக்கும். வெள்ளை வெள்ளையாகக் குமிழ் கிளம்பும். "பாத்தீங்களா, எம்புட்டுக் கண்ணு!" என்பாள். நுரை அடங்காததால் வெள்ளியோடு செவ்வாயும் சேர்ந்தது. செவ்வாயும் நுரைத்ததால் ஒரு பழம் மூன்று பழமானது. இத்தனை கண்ணையும் இந்த வீடு எப்படித்தான் தாங்குகிறதோ என்று நினைத்து ஒருநாள் அழுதேவிட்டாள்.

ஏப்பம் வராத அன்று பொறுமை போய்விட்டது. கஞ்சிக் கரண்டியும் கையுமாக, இரண்டு வீட்டுக்கும் நடுவே கிடக்கும் நடைபாலத்தில் ஏறினாள். பூரணம் தன் வாசலில் உட்கார்ந்து ஈரத் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி பூரணம், உண்மையச் சொல்லு. என் வாசல்ல என்ன ஊத்துத?"

"நானா? என் வீட்டுக்கே நான் ஒழுங்கா ஊத்தலியேக்கா."

"அப்போ உன் வீடு மட்டும் எப்படி இந்த மினுக்கு மினுக்குது? கஞ்சில என்னட்டி போடுத?"

"ஒண்ணும் போடலக்கா. அது பாட்டுக்கு இருக்கு, நாங்க பாட்டுக்கு இருக்கோம்."

"கண்ணு கழிக்கியா?"

பூரணம் சிரித்தாள். "எங்க வீட்டப் பாத்து யாருக்கா கண்ணு வைக்கப் போறா?"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சொர்ணக்கிளி பொறுத்திருப்பாள்.

"நான் வைக்கேன்ட்டி! தெனமும் வைக்கேன். காலைல கண்ண முழிச்சா உன் சுவத்துலதான் முழிக்கேன். என் வயிறு எரியுது, போதுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பூரணத்தின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் மெதுவாகத் திரும்பி, குடிவந்து இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வீட்டு முகப்பை ஏறிட்டுப் பார்த்தாள்.

குமரையா சொல்லியனுப்ப, மறுநாள் வீடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஆசீர்வாதம் வந்தார். சுவரில் குழாயை வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். படியைச் சுரண்டி ஒரு சிட்டிகை எடுத்து, கையிலிருந்த சோதனைப்பொறியில் போட்டுப் பார்த்தார். படியின் இரண்டு ஓரத்திலும் மட்டும் குழி விழுந்திருந்தது. ஒரு குழிக்குள் எலுமிச்சை விதை ஒன்று கிடந்தது.

"ஏம்மா, இதுல என்னத்தப் பிழியுதீங்க?"

"கண்ணு கழிக்கேன் சார். என்னமா நுரைக்குதுங்கீங்க!"

வைத்தியர் தலையில் கை வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நுரைக்காம என்ன செய்யும்? சுண்ணாம்புல புளிப்பு பட்டா கரைஞ்சு காத்தாப் போவும்மா, அந்தக் காத்துதான் இந்த நுரை. சுவத்துக்காவது மேல ஒரு தோல் காவலுக்கு இருக்கு. படில மிதிச்சு மிதிச்சு அது எப்பமோ தேஞ்சு போச்சு. அதுலபோய் வாரத்துக்கு ஆறு பழம்! இந்தப் புண்ண அடைக்கதுக்கே வீடு மத்த சுவத்துச் சுண்ணாம்பையெல்லாம் உருவி இங்க அனுப்புது. அவசரத்துல அப்புனா சாக்கட்டிதான் வரும். பக்கத்து வீட்ட யாரும் தொந்தரவு பண்ணல, அது பாட்டுக்கு நிதானமா அடுக்குது."

"அப்போ கண்ணு?"

"கண்ணுன்னு ஒரு அமிலம் எங்க பொஸ்தகத்துல இல்லம்மா."

சொர்ணக்கிளி குழிக்குள் கிடந்த விதையைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கஞ்சி ஊற்றிய கையாலேயே வீட்டைக் கரைத்திருக்கிறாள். ஊருக்குத் தெரிந்தால் படகுக்காரர்கள் இனி அவள் வீட்டெதிரேயும் துடுப்பை நிறுத்துவார்கள், சிரிப்பதற்கு.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும், இத யாருட்டயும் சொல்லிராதீங்க."

"நோயாளி ரகசியத்த நான் ஏம்மா சொல்லப் போறேன்? வீட்டு நோய்க்கும் அதே சட்டந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழம் நின்றது. பத்தாம் நாள் வீடு பாத்திரமெல்லாம் அதிர ஓர் ஏப்பம் விட்டது. அமாவாசைக்கு வந்தவர்கள் படியை அளந்து, இரண்டு விரல் என்று எழுதிக்கொண்டு, உயிருள்ள வீடு என்று பச்சை முத்திரை வைத்தார்கள். சொர்ணக்கிளி சுவரைத் தடவித் தடவி அழுதாள். தடவிய இடத்தில், அடுக்களை ஓரமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பளபளப்பு. முத்துமினுக்கேதான்! குமரையாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தாள். எதிரே பூரணத்தின் முகப்பு, தரையிலிருந்து கூரைவரை. இவளுக்கு உள்ளங்கை அகலம். முன்பாவது பூரணம் என்னவோ தில்லுமுல்லு செய்து இதை வாங்கினாள் என்று ஓர் ஆறுதல் இருந்தது. அவள் ஒன்றுமே செய்யவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஒன்றுமே செய்யாமல் ஒருத்திக்கு இவ்வளவு கிடைத்தால் மனுஷி எப்படிச் சகிப்பாள்?

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூரணம் வந்தாள். கையில் ஒரு கிண்ணம் மீன்குழம்பு. முகம் வாடிப்போய் இருந்தது.

"யக்கா, அன்னைக்கு நீங்க பேசுனதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. போறவுக வாறவுக எல்லாரும் எங்க வீட்டையே பாக்காவ. இத்தன நாள் அது எனக்குத் தெரியவே இல்ல பாத்துக்கிடுங்க. முந்தாநாள் எங்க அத்த வழுக்கி விழுந்தாவ. நேத்து பால் திரிஞ்சுபோச்சு."

"ம்."

"உங்க கண்ணச் சொல்லலக்கா. பொதுவாச் சொல்லுதேன்."

"ம்."

"உங்க மரத்துல ரெண்டு எலுமிச்சம்பழம் கெடைக்குமா?"

வேண்டாம்ட்டி, படி கரைஞ்சிரும். மூன்றே வார்த்தைதான். வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொல்ல வேண்டும் என்றுதான் சொர்ணக்கிளி நிமிர்ந்தாள். பாழாய்ப்போன சாயங்கால வெயில் அந்த நேரம் பார்த்துத்தானா பூரணம் வீட்டு முகப்பில் விழ வேண்டும்? பச்சையும் ரோஜாவும் ஊதாவுமாகச் சுவர் முழுக்க ஓர் அலை ஓடிற்று. வாய்க்காலில் ஒரு படகு துடுப்பை நிறுத்தியது.

"ரெண்டு எப்படிட்டி காணும்?" என்றாள் சொர்ணக்கிளி. "எம்புட்டுப் பெரிய முகப்பு."

ஆறு பழம் பறித்துப் பூரணத்தின் முந்தானையில் போட்டாள்.

"படியோரமா வச்சு நல்லா அழுத்திப் பிழி. நுரைக்கும், பயந்துராத. நுரைச்சா கண்ணு கழியுதுன்னு அர்த்தம். செவ்வாக்கெழமையும் வா, தாறேன்."

பூரணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க மனசு யாருக்குக்கா வரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் சுர்ரென்ற சத்தம் நடைபாலத்தைத் தாண்டி வந்தது.

"யக்கா! நீங்க சொன்ன மாதிரியே நுரைக்குது! பொங்குதுக்கா! எவ கண்ணோ தெரியலியே!"

சொர்ணக்கிளி மீன்குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பாவி, குழம்பும் நன்றாகத்தான் வைத்திருந்தாள்.

"எவ கண்ணோ" என்றாள்.