பின்சீட்டு ஸ்பீக்கர்

காலி வண்டிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஸ்பீக்கர் வழியாகத்தான் அது வந்தது. ஓடி வந்து நின்ற ஓர் ஆம்பளை, வாயைத் திறந்து இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. சேக் பரீது திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தான். ரெக்சின் சீட்டு, அதன்மேல் ஒரு துண்டு ஒயர், கொஞ்சம் மரத்தூள். வேறு ஒன்றுமில்லை.

"லூர்து, பின்னால யாரு?"

ரேடியோ ரிப்பேர் லூர்துசாமி வண்டிக்கு வெளியே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். "யாரு இருப்பாங்க பாய்? காத்துதான். புது ஸ்பீக்கர் இல்லியா, எறும்பு நடந்தாக்கூட இழுத்துக்கும்."

காற்று எச்சில் விழுங்குமா என்று கேட்கத்தான் வாயெடுத்தான் பரீது. கேட்டால் சிதம்பரம் கடைத்தெரு முழுக்க ஒரு வாரத்துக்கு இதைச் சொல்லியே சிரிப்பார்கள். காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

இந்த வேலையே அவன் பெண்டாட்டி அஸ்மத்துக்காகத்தான். போன வருஷம், அறுபத்தாறில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. சின்ன வண்டி, ரெண்டே கதவு; முன்சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஏறமுடியும், இறங்கமுடியும். இரும்புக்கடை பரீதுக்குப் பெண்டாட்டிக்கு அடுத்தபடி அந்த வண்டிதான் உயிர். அஸ்மத்தைக் கேட்டால் வரிசையை மாற்றிச் சொல்வாள். பெண்கள் வெளியாள் கண்ணில் படாத கோஷா குடும்பம் என்பதால் பின்பக்கத்துக் கண்ணாடிகளுக்கெல்லாம் தடித்த பச்சைத் திரை. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவிலும் ஒன்று. வண்டியோடு வந்த ரேடியோவுக்கு ஒரே ஸ்பீக்கர், அதுவும் முன்னால். பாட்டெல்லாம் அவனுக்கு. அதுகூடப் பரவாயில்லை, அவள் கூப்பிடுவது அவனுக்குக் கேட்பதே இல்லை. நோன்புப் பெருநாளுக்கு லால்பேட்டை போனபோது தண்ணீர் கேட்டுத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள். இவன் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறான். "பின்னால ஒரு மனுசி இருக்கேன்னு நெனப்பு வேணாமா?" என்று ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

லூர்துசாமிதான் வழி சொன்னான். பின்கண்ணாடிக்கு அடியில், வலது மூலையில் இன்னொரு ஸ்பீக்கர். முன்னால் ஒரு சுவிட்சு. மேலே தள்ளினால் ரெண்டு ஸ்பீக்கரிலும் பாட்டு. கீழே தள்ளினால் பாட்டு நின்று, பின்ஸ்பீக்கர் மைக்காக மாறிவிடும். அம்மா பேசுவது ஐயா காலடியில் கேட்கும். ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே சாமான்தான் பாய், ஒயரை மாத்திக் குடுத்தாப் பேசறது கேக்கும் என்றான். ஸ்பீக்கர் மெட்ராஸிலிருந்து பிரிக்காத பெட்டியில் வந்தது. பரீதே பிரித்தான். அதில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள். அஸ்மத்துக்கு எட்டாம் மாதம். இதற்குமுன் ரெண்டு தடவை தங்காமல் போன வயிறு. இந்த ஒன்றாவது முழுசாய் வீடு வந்து சேரவேண்டுமே என்று பரீது வேண்டாத தர்கா இல்லை. பிரசவத்துக்குக் கூட்டிப்போக வேண்டிய அவள் உம்மா ரசியா பீவி, கடலூர் பழைய டவுனில், ஓ.டி. வீட்டில் காய்ச்சலாய்ப் படுத்திருந்தாள். அதனால் இவனே கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. மெத்தைக்கு மேல் மெத்தை போட்டு, இடது மூலையில் தலையணை வைத்து அவளைச் சாய்த்து உட்காரவைத்தான். திரையை இழுத்துவிட்டான். ஐப்பசி வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டு கிடந்தது.

"கேக்குதா மச்சான்?" குரல் அவன் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"அப்படியே பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு புள்ள!"

"அப்ப இனிமே நான் திட்டறதும் கேக்கும். பள்ளம் பாத்து ஓட்டுங்க."

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொடுத்த காசு வீண்போகவில்லை என்று தோன்றியது. கொஞ்ச தூரம் சிலோன் பாட்டு. கொஞ்ச தூரம் அவள் பேச்சு. பேசும்போதெல்லாம் அவள் வலது மூலைக்கு நகர்ந்து, ஸ்பீக்கரிடம் வாயை வைத்துப் பேசிவிட்டு மறுபடி தலையணைக்குத் திரும்பினாள். புவனகிரிப் பாலத்தில் ஏறும்போது மழை பிடித்தது. வெள்ளாறு மண்ணைக் கரைத்துக்கொண்டு பாலத்தின் காலைக் குத்திக்கொண்டு போயிற்று.

பாட்டு முடிந்ததும் சுவிட்சைக் கீழே தள்ளினான். அவள் தூங்குகிற மூச்சு கேட்டது. மெதுவான, நிறைசூலியின் கனத்த மூச்சு. அதன்மேல் இன்னொன்று.

வேகமான மூச்சு. ஆம்பளை மூச்சு. நேற்றுக் கேட்ட அதே மூச்சு.

பாலத்தின் நடுவிலேயே பிரேக்கை மிதித்தான். திரையை இழுத்தான். அஸ்மத் தலையணையில் சாய்ந்து, வயிற்றின்மேல் கையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தவிர உள்ளே ஒரு குழந்தை உட்காரக்கூட இடமில்லை.

"என்னா மச்சான், வந்துட்டமா?"

"இல்ல புள்ள. நீ தூங்கு."

பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் வாய்க்கு வந்தபடி ஏசினான். பரீது வண்டியை எடுத்தான். நேற்று வண்டி காலியாக இருந்தது, அதனால் சிரித்து ஒதுக்கலாம். இன்றைக்கு உள்ளே இருப்பது அவள். அவளும், இன்னும் முகம் பார்க்காத ஒன்றும். காவலுக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான்; நடுவில் எங்கோ விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

முட்லூர் தாண்டி, பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற இடம். மழை வலுத்து, வண்டிக்கூரை தகரப்பந்தல் மாதிரி அதிர்ந்தது. சுவிட்சு கீழேதான் இருந்தது. முதலில் கரகரப்பு. பிறகு ஒரு துணி கிழிந்தது. நல்ல தடித்த துணி, நிதானமாக, நீளத்துக்குக் கிழிந்தது. அதற்குப் பின்னால் ஒரு சத்தம். தொத். ஈர மூட்டையில் கம்பால் அடித்த மாதிரி. மறுபடி. மறுபடி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெண் 'ஹக்' என்று காற்றை வெளியே விட்டாள்.

"அஸ்மத்து!"

பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்க வண்டி நின்றது. திரையைப் பிடித்து இழுத்தான். அவள் மடியில் ஆரஞ்சுப் பழத்தோல். பாதிச் சுளை வாயில்.

"உங்களுக்கு என்னா ஆச்சு? இப்படிக் குலுக்கினா வழியிலயே பெத்துடுவேன்!"

"ஒனக்கு ஒண்ணும் கேக்கலியா? யாரும்... ஒன் பக்கத்துல..."

"யாரு? நல்லாத்தான இருக்கேன்? பேய் புடிச்ச மாதிரி முழிக்கிறீங்க. மூஞ்சியத் தொடைங்க மொதல்ல." கையை நீட்டி, முந்தானையால் அவளே துடைத்துவிட்டாள். அவள் விரலில் ஆரஞ்சு வாசனை. அழுகை வந்துவிட்டது அவனுக்கு. திரையைச் சரிசெய்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சனியன் பிடித்த சாமான்! பட்டென்று ரேடியோ செட்டை அணைத்தான். எந்த ஸ்பீக்கரும் வேண்டாம், எந்தப் பாட்டும் வேண்டாம். ஊர் போய்ச் சேர்ந்தால் முதல் வேலையாகப் பிடுங்கி உப்பனாற்றில் எறிவது.

அப்படியே ஓட்டியிருந்தால் தேவலை. ஆனால் புதுச்சத்திரத்தை நெருங்கும்போது மழைச்சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. "அஸ்மத்து" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டான். தூங்குகிறாளா? வலி எடுத்துவிட்டதா? முன்னே ரெண்டு தடவையும் சத்தமில்லாமல்தானே எல்லாம் போயிற்று. அவள் சொன்ன பிறகுதானே பாயில் ரத்தம் இருப்பதையே பார்த்தான். வெளிச்சம் மங்கிவிட்டது. ரோட்டின் ரெண்டு பக்கமும் முந்திரித் தோப்பு; கிளைகள் தரையில் படிந்து, உள்ளே பார்க்கமுடியாதபடி கிடந்தன. மக்கிய இலையின் வாடையும் கடல் உப்பும் வண்டிக்குள் வந்தன. கை தானாகவே செட்டுக்குப் போயிற்று.

போட்டான்.

கரகரப்பு. மூச்சு. இந்தத் தடவை அவள் மூச்சு இல்லை. அவன் மட்டும். வெகு பக்கத்தில். நாக்கு உதட்டை நனைக்கிற சத்தம்கூடக் கேட்கிற அளவுக்குப் பக்கத்தில்.

பிறகு துணி கிழிந்தது. தொத். தொத்.

"மச்சான்!"

அஸ்மத் குரல். விளையாட்டில்லை, கோபமில்லை. உயிர் போகிற குரல். "மச்சான்! மச்சான்!"

தோப்போரமாக வண்டியை நிறுத்தினான். என்ஜின் அணைந்தது. செட்டு அணையவில்லை. திரையை நோக்கிப் போன கையைப் பாதியில் நிறுத்தினான்.

பார்த்தால் மறைந்துவிடுகிறான்.

ரெண்டு தடவையும் அப்படித்தான். திரையை விலக்குகிற நொடியில் அவன் இல்லாமல் போகிறான். கண்ணை எடுத்ததும் வந்துவிடுகிறான். அப்படியென்றால் பார்க்கக்கூடாது. பார்க்காமல் அடிக்கவேண்டும். இது பரீதுக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. அவள் இடது மூலையில், தலையணையில். அந்த ஹராமிப்பயல், ஸ்பீக்கரிடம், வலது மூலையில். இந்தத் திரைக்கு அந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில்.

சீட்டுக்கடியில் துழாவினான். ஜாக்கிக் கம்பி அகப்பட்டது. முனை தட்டையான, கனமான இரும்பு. சீட்டின்மேல் முட்டி போட்டுப் பின்பக்கம் திரும்பினான். திரை லேசாக ஆடியது. அதற்குப் பின்னால், வலது மூலையில், யாரோ அசைந்தார்கள்.

அசைந்தது தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது.

"யா அல்லா," என்றான். குத்தினான்.

துணி கிழிந்தது. கம்பி எதிலோ ஏறியது. உருவினான். குத்தினான். எலும்பில் பட்டுக் கை அதிர்ந்தது. விடவில்லை. என் பெண்டாட்டி. என் புள்ள. குத்தினான். அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்து திரையோடு அவன் மணிக்கட்டைப் பிடித்தது. வழுக்கியது. விட்டது.

"மச்சான்!"

முன்னால் ஸ்பீக்கரிலிருந்து வந்தது அது. பின்னாலிருந்தும் வந்தது. ரெண்டும் ஒரே சமயத்தில்.

கம்பி நின்றது.

ஓடி வந்து நின்ற ஆம்பளை மூச்சு. வாயைத் திறந்து இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. ஸ்பீக்கரில் கேட்டது. அவன் தொண்டையிலும் கேட்டது. எச்சிலை விழுங்கினான். ஸ்பீக்கரும் விழுங்கியது.

திரைக்குப் பின்னால் ஏதோ கனமாகச் சரிந்து மெத்தையில் உட்கார்ந்தது. ஆரஞ்சு வாசனை வந்தது. புருஷன் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லத்தான் அவள் வலது மூலைக்கு நகர்ந்திருக்கவேண்டும். பேசுவதென்றால் அங்கே வந்துதானே பேசவேண்டும்.

மழை விட்டது. தோப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. வண்டிக்குள்ளும் சொட்டியது. எவ்வளவு நேரம் அப்படியே முட்டி போட்டிருந்தான் என்று அவனுக்குத் தெரியாது. ஸ்பீக்கர் கரகரத்தது.

ஒரு குழந்தை அழுதது.

பச்சைக் குழந்தை. முதல் அழுகை. நுரையீரல் நிறைய, வீம்பாக, நல்ல பலமாக. நடுவில் 'ஷ்... ஷ்...' என்று ஒரு பெண் குரல்.

"பொம்பளப் புள்ள மச்சான்," என்றாள் அஸ்மத், அவன் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து. களைத்துப்போன, சந்தோஷமான குரல். "மூக்கு அப்படியே உங்க மூக்கு. உம்மா காத்துக்கிட்டிருப்பாங்க, எடுங்க வண்டிய."

பின்னால் சொட்டுவது நிற்கவில்லை. அவன் திரும்பவில்லை. பார்த்தால் மறைந்துவிடும். அது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருந்தது. கம்பியைச் சீட்டுக்கடியில் வைத்தான். கையை வேட்டியில் துடைத்தான். முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

ஆலப்பாக்கம் வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். குழந்தை பால் குடிக்கிறது என்றாள். தூங்கிவிட்டது என்றாள். பள்ளம் பாத்து ஓட்டுங்க என்றாள். "சரி புள்ள, சரி," என்றான் ஒவ்வொன்றுக்கும். காற்றில் திரை பறந்து அவன் பிடரியில் ஒட்டியது. ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. மெதுவாகத் தோளை அசைத்து விலக்கிக்கொண்டான்.

ஓ.டி. வீட்டு வாசலுக்கு வந்தபோது, ராத்திரி இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்த நேரம். ரசியா பீவி காய்ச்சலையும் பார்க்காமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். வண்டி நின்றதும் இறங்கி ஓடிவந்தாள். இவன் கதவைத் திறக்கவில்லை. கைப்பிடியை உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தொறக்காதீங்க மாமி. பேசிக்கிட்டிருக்கா. பேசட்டும்."

"என்னா தம்பி ஒளர்றீங்க? எம்புள்ள எங்க?"

டாஷ்போர்டுக்கு அடியில் குழந்தை அழுதது.

ரசியா பீவி அப்படியே நின்றாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! வழியிலயே பொறந்துடிச்சா?" வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் ஓடினாள். கதவைத் திறந்தாள். முன்சீட்டை மடக்கினாள்.

"உம்மா," என்றது ஸ்பீக்கர்.

"வந்துட்டேன்டி கண்ணு," என்று சிரித்துக்கொண்டே, குழந்தையை வாங்கிக்கொள்ள ரெண்டு கையையும் திரைக்குள்ளே நீட்டினாள்.