அகலமான மடி

ஹென்றியின் ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் ஒரு கடிதம். கடிதத்தில் பன்னிரண்டு கையெழுத்துகள் இருந்தன. அந்தப் பன்னிரண்டு பேரில் ஓவியத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் காதால் கேட்டே கோபப்பட்டவர்கள். ஹென்றியும் அப்படித்தான்.

"மாதா படத்தக் கேலி பண்ணி வரைஞ்சிருக்காங்களாம். விடலாமா?" என்றார் தன் மகள் ஷார்லினிடம்.

"நீங்க பார்த்தீங்களாப்பா?"

"பார்க்கத்தானே போறோம். வா."

ஷார்லினுக்குப் பத்து வயது. தீவு நகரமான ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடு ஒன்றில் ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதை நடத்தும் ஷரீஃபா அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார். முகம் வாடிப்போனது.

"உங்க சாமி விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே. இத்தனை பேர் மனசு நோகுதுன்னா வேணாம்லா. இன்னைக்கே எடுத்துடறேன்."

ஓவியத்தை வரைந்த லினெட் ஓடி வந்தாள். "அக்கா, ப்ளீஸ்! நாளைக்கு எங்கம்மா பார்க்க வர்றாங்க. வர மாட்டேன், வர மாட்டேன்னு சொல்லி, இப்பதான் சரின்னாங்க. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்."

"ஒரு நாள்னாலும் தப்பு தப்புதான்," என்றார் ஹென்றி.

பெரியவர்கள் மூவரும் பேசிக்கொண்டிருக்க, ஷார்லின் நேரே ஓவியத்தின் முன்னால் போய் நின்றாள்.

அதில் ஓர் அம்மா நீல நிறத் தொழிற்சாலைச் சீருடையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஓர் இளைஞன் கண்மூடிக் கிடந்தான். தலை பின்னால் சாய்ந்திருந்தது. ஒரு கை கீழே தொங்கியது.

ஹென்றியும் வந்து பார்த்தார். "குடிச்சிட்டு விழுந்து கிடக்கிற மாதிரி இருக்கு! இவனப் போய் இயேசு மாதிரி படுக்க வைக்கிறதா?"

தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் தேவாலயத்தில், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு படங்களின் முன் நின்று தியானிக்கும் சிலுவைப் பாதை நடக்கும். பதின்மூன்றாம் நிலையை வாசிப்பது அவள்தான். இறந்த இயேசுவை மாதா மடியில் ஏந்தியிருக்கும் அந்தப் படம் அவளுக்கு மனப்பாடம்.

"அப்பா, பதின்மூணாவது படத்துல மாதா என்ன கலர் உடுத்தியிருப்பாங்க?"

"நீலம்."

"இவங்களும் நீலம். அந்தப் படத்துல மாதா கால்கிட்ட கீழே என்ன கிடக்கும்?"

"முள்முடி. அதுக்கென்ன?"

"இங்க என்ன கிடக்கு, பாருங்க."

ஹென்றி குனிந்து பார்த்தார். அந்த அம்மாவின் காலடியில் விரிசல் விட்ட ஹெல்மெட் ஒன்று கிடந்தது.

அவர் தினமும் கடல் பாலத்தைக் கடந்து அக்கரைத் தொழிற்பேட்டையான பிறைக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். லாரிகளுக்கு நடுவில் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டுகிறவர். அவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அவன் குடிக்கலப்பா," என்றாள் ஷார்லின்.

"என் தம்பி பிரையன்," என்றாள் லினெட். "பிறையில வேலை முடிஞ்சு வந்துக்கிட்டிருந்தான். வீடு வந்து சேரல. அம்மா தாங்க மாட்டாங்கன்னு பெரியவங்க அவன் முகத்தக்கூட அவங்களுக்குக் காட்டல. அம்மா கை படாமலேயே அடக்கம் பண்ணிட்டோம். அதான் நான் அவன அம்மா மடியில வச்சேன்."

ஷார்லினுக்கு அழுகை வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் அவளை விடவில்லை.

"அக்கா, மடி மட்டும் ஏன் இவ்வளவு அகலமா இருக்கு? தப்பா வரைஞ்சிட்டீங்களா?"

லினெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்லாப் பார்த்திருக்கே! ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இத்தாலியில ஒரு சிற்பி இதே காட்சியப் பளிங்குல செதுக்கினார். அவரும் மாதா மடியை அகலமாத்தான் வச்சார். வளர்ந்த பிள்ளை சின்ன மடியில அடங்க மாட்டானில்ல? அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன்."

ஹென்றி ஷரீஃபாவிடமிருந்து கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"படம் இருக்கட்டும்மா. கையெழுத்துப் போட்டவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். முதல்ல நான்தான் பார்க்காம கையெழுத்துப் போட்டேன்."

மறுநாள் பூசை முடிந்ததும் ஷார்லினும் அப்பாவும் மறுபடி வந்தார்கள். லினெட்டின் அம்மா அக்னஸ் ஓவியத்தின் முன்னால் நின்றிருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என் மூக்கு இவ்வளவு பெருசாடி?" என்றார் மகளிடம். பிறகு படத்தில் தொங்கிய அந்தக் கையை நோக்கித் தன் கையை நீட்டினார். லினெட் மெதுவாக வெளியே வந்தாள். ஷார்லினும் அப்பாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள்.

அப்போது கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நான்கு பேர் விறுவிறுவென்று வந்தார்கள். "என்ன ஹென்றி, அந்தப் படத்த எடுத்தாச்சா இல்லையா?"

ஹென்றி வாசலை மறித்து நின்றார்.

"எல்லாரும் பார்க்கலாம். கொஞ்சம் பொறுங்க," என்றார் தணிந்த குரலில். "உள்ள அம்மாவும் பையனும் இருக்காங்க."